ஆபீஸ் முத்திரை குத்திய கடிதம்

பதுளை பஜாரில் மூன்று மாடிக் கடை, ஹாலிஎலயில் மர ஆலை, ஆறு லொறி, நான் பிறந்த ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொங்கிரீட் கூரை, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் உண்டாக்கியவை. எவர் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. ஆனால் போன வாரம், பேத்தியைத் தனியார் பள்ளியில் சேர்க்க ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று மகன் விண்ணப்பத்தை வாசித்தபோது, புளித்த கோதுமைமாப் பசையின் வாடை என் மூக்கில் ஏறியது.

என் அக்கா லெச்சுமிக்கு எங்கள் வாத்தியார் எழுதிய கடிதத்தை அந்தப் பசையால்தான் ஒட்டினார். பதுளையில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பெண்கள் பள்ளி ஒன்று, தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு வாத்தியாரின் கடிதம் ஒன்றே வழி. "அப்படியே கொண்டு போய்க் குடுங்க" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டு, விடுமுறைக்கு மாத்தளை போய்விட்டார்.

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் ஆபீசில் முத்திரை குத்திய "துண்டு" வாங்க வேண்டும். முத்திரை இல்லாத காகிதம் வெறும் காகிதம். அன்று எங்கள் லயத்து வீட்டு வாசலில் கடித உறையைப் புரட்டிப் பார்த்த நான், பத்து வயதில் எல்லாம் தெரிந்தவன், "முத்திரை இல்லையேப்பா, டவுன்ல யாரு மதிப்பாங்க?" என்றேன். ஒரே ஆண்பிள்ளையின் பேச்சு வீட்டில் எடுபடும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

பெரிய கிளாக்கர் பேனாக்கத்தியால் உறையைக் கிழித்து, படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடா மாரிமுத்து, ஒன் மக டவுனுக்குப் போயிட்டா தொரைக்குக் கொழுந்து யாரு எடுக்கிறது? நீ எடுப்பியா?"

"புள்ள நல்லாப் படிக்குதுங்க ஐயா. ஒரு முத்திரை மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதுங்க."

உறைமேலேயே குத்தினார். கிழிந்த உறையில் குண்டூசி செருகித் திருப்பிக் கொடுத்தார். ஊதா மையில் பளிச்சென்று இருந்த அந்த வட்டத்தை, வழி நெடுக நான்தான் ஊதி ஊதிக் காயவைத்தேன்.

சேர்க்கைக்குக் கடைசி நாளன்று அப்பா, அக்கா, நான் மூவரும் அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை குண்டூசியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை யார் திறந்தது?"

"ஆபீசுலங்கம்மா. முத்திரை வாங்கத்தான்."

"ஆசிரியர் ஒட்டினது ஒட்டினபடி வரணும். திறந்த கடிதத்தை நான் எப்படி நம்புறது?"

அவர் திருப்பித் தந்த உறையை அக்கா வாங்கிக்கொண்டாள். வாத்தியார் வந்து வேறு கடிதம் எழுதுவதற்குள் அந்த இடத்தில் வேறொரு பிள்ளை சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் அதே கிளாக்கர் கொழுந்து எடுக்க அக்காவின் பேரைப் பதிந்தார். அவள் கூடை தூக்கியதால்தான் என்னை வெளியே அனுப்ப வீட்டாரால் முடிந்தது. நான் டவுனுக்குக் கடை வேலைக்குப் போனேன். முதல் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டவளும் அவள்தான். பள்ளியைப் பற்றி யாராவது கேட்டால், "எங்கப்பா ஒரு விவரமில்லாத மனுசன்" என்பாள், அவ்வளவுதான். அப்பா காதில் விழும்படியும் சொல்லியிருக்கிறாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஆசிரியரின் கடிதம் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பள்ளிக்குப் போய்விடுகிறதாம். பெற்றவர் கை படுவதே இல்லை. பசையும் இல்லை, உறையும் இல்லை. அந்த ஆபீஸ் கட்டடத்தின் கதவில் பூட்டு தொங்குகிறது. அப்பா எப்போதோ போய்விட்டார். முதுகு கூனிப்போன அக்காவைப் போன தை மாதம் நாங்கள் அடக்கம் செய்தோம். குழிமேட்டிலும் ஒருவர், "அப்பன் மட்டும் அந்தக் கடுதாசிய ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போகலைன்னா" என்று தொடங்கினார்.

வகுப்பறைச் சுவரில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டு வாங்கிய கல்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. செய்தவன் பெயர்தான் இருக்க வேண்டும். அதே நியாயத்தோடு இதையும் கேட்கிறேன்: அந்த முத்திரை என் யோசனை. இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள்.