கோசலாவின் மைக்கல்

கோசலாவைப் பற்றி நூற்றைம்பது வார்த்தையில் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி ஸஹ்ரா கேட்டாள். ஸஹ்ரா மனாமாவில் சின்னதாக ஓர் ஓவியக்கூடம் நடத்துகிற பஹ்ரைனிப் பெண். அடுத்த மாதம் அங்கே கோசலாவின் பதினான்கு படங்களை மாட்டப்போகிறாள். கோசலாவின் படங்கள் மட்டும். “அவரை உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்” என்றாள்.

தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். அரை மணி நேரத்தில் நூற்றைம்பது வார்த்தையையும் எழுதிவிட்டேன். அமைதியானவர், எளிமையானவர், இயற்கையை நேசிப்பவர் என்று வரிசையாக வந்து விழுந்தது. படித்துப் பார்த்தால் செத்துப்போனவர்களுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. ஆகவே இதைத் தனியாக எழுதுகிறேன். இது ஸஹ்ராவுக்கு இல்லை.

என் பெயர் சந்திரகலா. ஊர் கோவை வடவள்ளி. கணவர் சீதாராமன் ஏ.சி. கம்பெனியில் இன்ஜினியர். குதைபியாவில் பதினேழு வருடமாக ஒரே ஃபிளாட். மகன் விஷால் காலேஜுக்குப் போனபிறகு எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையில் நானும் என் வாட்டர்கலர் டப்பாவும் மட்டும் மிஞ்சினோம். ஊட்டி, வால்பாறை, தேயிலைத் தோட்டம் என்று வரைந்து தள்ளினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். காபி கொடுத்தால் பாராட்டத்தானே செய்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஹாருமி என்ற ஜப்பானிய அம்மாள் மை ஓவிய வகுப்பு ஆரம்பித்தார். அவருடைய கணவர் இங்கே ஏதோ தொழிற்சாலையில் பெரிய பதவி. கறுப்பு மைக்கட்டியைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். சந்தனம் அரைப்பது மாதிரிதான். மெல்லிய தாளில் தூரிகையை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். அழிக்கவும் முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. மையில் தண்ணீர் கூடக்கூட மலை தூரமாகப் போகும். எதுவுமே வரையாமல் விட்ட இடம் பனியாகிவிடும்.

மலையா? மலை என் சொத்து என்று நினைத்தேன். மருதமலையை மொட்டை மாடியிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். வகுப்பில் இருந்த பதினொரு பேரில் வேறு யாருக்கு அந்தக் கொடுப்பினை?

மூன்றாவது வாரம் கோசலா வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கத்துக்காரி. அப்போது முப்பது வயது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. காலையில் ஐந்து மணி நேரம், சாயங்காலம் ஐந்து மணி நேரம் டியூட்டி. ஒரே ரூமில் மூன்று பெண்கள். அவளுக்கென்று இருந்தது ஒரு கட்டிலும் ஒரு அலமாரித் தட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று நான் கேட்டேன், எல்லோரும் கேட்டார்கள். “அது கிடக்கட்டும் அக்கா” என்பாள். சின்ன வயதில் எத்தனை ஊர் மாறினாய் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அவள் ஊரில் மலையே கிடையாது. தட்டு மாதிரி தரை, அப்புறம் கடல். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

“மலையைப் பார்க்காம எப்படி மலை வரைவே?”

“இங்க ஒண்டு நிக்குதே அக்கா. அதைக் கீறிப் பாக்கிறன்.”

பஹ்ரைனில் இருப்பது ஒரே ஒரு மலை. ஜெபல் துக்கான். புகை மலை என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் அதைக் கரடு என்பார்கள், மலை என்றால் ஆடு மேய்க்கிறவன்கூடச் சிரிப்பான். எண்ணெய்க் குழாய்களுக்கு நடுவே, புழுதியில் பாதி மறைந்து நிற்கும். அதைத்தான் அவள் வரைந்தாள். கீழே கறுப்பாக ஒரு குழாய், நடுவில் ஒன்றுமில்லை, மேலே இருக்கிறதா இல்லையா என்று ஒரு மலை. நடுவில் இருந்த அந்த ஒன்றுமில்லாததில் புழுதி பறந்துகொண்டிருந்தது. எப்படிச் செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மருதமலையைப் பார்த்து ஹாருமி “அழகு” என்றார். கோசலாவின் படத்துக்கு முன்னால் வாயே திறக்காமல் ஐந்து நிமிடம் நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அப்போது எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் படங்களில் குறை தேடினேன். அவளுடைய தந்திரங்களையும் தேடினேன். குழாய்த் தண்ணீரில் உப்பு, மை திரிகிறது என்று ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரை பாட்டிலில் பிடித்து வைப்பாள். நானும் பிடித்தேன். மூன்று ஏ.சி. இருக்கிற வீடு என்னுடையது, குடம் குடமாகப் பிடித்தேன். அவள் மலையில் புழுதி பறந்தது. என் மலை கண்ணாடி போட்ட ஃபோட்டோ மாதிரி உட்கார்ந்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஜூலையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகக் கோவை போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் ஹாருமியின் கணவருக்கு மாற்றலாகி, இருவரும் கிளம்பிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்த அம்மாளுக்கு வாட்ஸ்அப் பழக்கமெல்லாம் இல்லை. அப்போது எங்கள் குழுவில் இருக்கிற ஸ்கூல் டீச்சர் அனன்யா ஒரு செய்தி சொன்னாள்: ஹாருமி தன்னுடைய சொந்த மைக்கல்லை, நாற்பது வருடம் அரைத்த கல்லை, நீலத்துணியில் சுற்றிக் கோசலாவின் கையில் கொடுத்தாராம். தானே கண்ணால் பார்த்தாளாம்.

“கல்லு உனக்குக் குடுத்தாங்களாமே?” என்று கோசலாவிடம் கேட்டேன்.

“ஓமக்கா” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. கர்வத்தை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த நீல மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். “இதை நீங்களே வச்சிருங்கோ அக்கா. உங்களிட்டத்தான் மேசை இருக்கு” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தான் வாங்கிய பரிசை எனக்குப் பிச்சை போட வந்திருக்கிறாளா?

“எனக்கெதுக்கு? உனக்குன்னு குடுத்தாங்க, நீயே வெச்சுக்க. எனக்கு பாட்டில் மையே போதும்.”

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து ஹாருமியிடமிருந்து புத்தாண்டு அட்டை வந்தது. ஒரே வரி: “மை அரைக்கிறாயா?” புண்ணில் உப்பைத் தடவுகிறார் என்று அட்டையை டிராயரில் வீசினேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அந்த நூற்றைம்பது வார்த்தையில் சேராதது.

ஹாருமி போனபின் குழு என் வீட்டில்தான் வெள்ளிக்கிழமைதோறும் கூடியது. எல்லோருடைய படங்களுக்கும் முதுகுத்தாள் ஒட்டுவது என் வேலை. மை ஓவியத் தாள் காய்ந்ததும் அப்பளம் மாதிரி சுருங்கிவிடும். அதைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் தெளித்து விரித்து, மைதாப் பசை தடவி, பின்னால் இன்னொரு தாளை ஒட்டினால்தான் சட்டம் போட முடியும். ஒட்டுவதற்கு முன் படத்தின் ஒரு மூலையில் ஈரப்பஞ்சை வைத்து ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் கறுப்பு ஏறினால் அந்தப் படத்தில் தண்ணீரே படக்கூடாது. கல்லில் அரைத்த மை ஒரு வாரம் காய்ந்தால் அசையாது. பாட்டில் மையில் சில வகை, ஸ்கூல் பிள்ளைகள் எழுதுவதற்கென்று செய்தது, ஒரு சொட்டு தண்ணீருக்கே கரைந்துவிடும்.

போன வருடம் எங்கள் குழுவின் கண்காட்சியில் நுழைவாயில் சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். எல்லோரும் சீட்டு எழுதிப் போட்டோம். கோசலாவின் புதிய புகை மலைக்குப் பதினொன்றில் ஒன்பது சீட்டு. எனக்கு இரண்டு. அதில் ஒன்று நான் போட்டது; இன்னொன்றைக் கோசலா போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் படத்தை அவள் என் மேசையில்தான் வரைந்தாள். அன்று அவளுடைய மைக்கட்டி தேய்ந்து நகத்தளவு ஆகிவிட்டது. குழாயை அதில் வரைந்துவிட்டு, மலைக்கு என் பாட்டிலைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது என் மனதில் எதுவும் இல்லை, சத்தியமாக. ஆனால் அது எந்த மை என்று எனக்குத் தெரியும். அதே பாட்டில் மையால் வரைந்த என் படம் ஒன்று அதற்கு முந்தின மாதம்தான் பசை போடும்போது கரைந்து போயிருந்தது.

சீட்டு எண்ணின மறுநாள் காலை, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். படத்தைக் கவிழ்த்துப் போட்டேன். பஞ்சு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஒட்டக் கூடாது. தண்ணீரைத் தெளித்தேன். தாளின் முதுகு வழியாகவே கறுப்பு நகர்வது தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். பசையையும் தடவினேன்.

சாயங்கால டியூட்டிக்கு முன் கோசலா வந்தாள். பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். மலை வழிந்து குழாய்மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

“பஞ்சு வச்சுப் பாத்தனீங்கள்தானே அக்கா?”

“பார்த்தேன். ஒண்ணும் தெரியல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “எனக்கு இது நல்லா வேணும்” என்று தன்னையே நொந்துகொண்ட மாதிரி சொன்னாள். பைக்குள்ளிருந்து கிளினிக் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

நுழைவாயில் சுவரில் என் மருதமலை தொங்கியது. மூன்று நாள் பக்கத்திலேயே நின்றேன். எல்லோரும் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். வழிந்துபோன படம் என் டிராயரில்தான் இருக்கிறது. இருபது தடவையாவது குப்பையில் போட எடுத்திருப்பேன். கெட்டுப்போன பிறகும் அது என் படங்களைவிட நன்றாக இருக்கிறது. இதைவிடக் கொடுமை இருக்கிறதா?

இந்த இடம்வரை எழுதி முடித்தது போன வெள்ளிக்கிழமை. அன்று மற்றவர்கள் யாரும் வரவில்லை, கோசலா மட்டும் வந்தாள். ஸஹ்ரா கேட்ட குறிப்பு தயாரா என்று கேட்டாள். நூற்றைம்பது வார்த்தையையும் கொடுத்தேன், இந்தத் தாள்களையும் கொடுத்தேன். அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டேன்.

திரும்பி வரும்போது அவள் படித்து முடித்திருந்தாள். “இருங்கோ, வாறன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கையில் அந்த நீல மூட்டை. மேசையில் வைத்து அவிழ்த்தாள். கல்லுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

“இதையும் படியுங்கோ. மூண்டு வருசமா என்னட்டக் கிடக்கு.”

ஹாருமியின் கையெழுத்து, அவருடைய தத்தக்கா பித்தக்கா ஆங்கிலம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “சந்திராவுக்கு. நீ அவசரக்காரி. மலை வருவதற்குள் எழுந்துவிடுகிறாய். தினமும் அரை மணி நேரம் இந்தக் கல்லில் மை அரை. கோசலாவுக்கு இது வேண்டாம். அவள் டீயைத் தொட்டுக்கூட வரைந்துவிடுவாள்.”

இரண்டு தடவை படித்தேன்.

“உங்களிட்டக் குடுக்கச் சொல்லித்தான் தந்தவ. நான் குடுக்கேல்ல.”

“ஏன்?”

“கடிதத்தைப் பாத்தா உங்களுக்கு நோகும் எண்டு எனக்கு நானே சொன்னனான். அது சும்மா சாட்டு. உங்களுக்கு வீடு இருக்கு, மேசை இருக்கு, சீதாராமன் அண்ணை இருக்கிறார், விஷால் இருக்கிறான். நான் கட்டில்ல வச்சுக் கீறுறன். கல்லும் உங்களுக்குத்தானோ எண்டு நினைச்சன். எனக்கு அவ்வளவு எரிச்சல் அக்கா.” கல்லை என் பக்கம் தள்ளினாள். “திருப்பித் தர வந்த அண்டைக்கு நீங்க வாங்கியிருக்கலாம்.”

பொறாமைப்படுகிற அளவுக்கு என்னிடம் ஏதாவது இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள். ஆனால் முதலில் வந்தது கோபம்தான். மூன்று வருடம் என் கல்லை வைத்துக்கொண்டு என் மேசையில் என் டீயைக் குடித்திருக்கிறாள்! பிறகு டிராயரைத் திறந்து, வழிந்துபோன புகை மலையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இருவருமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

“ஸஹ்ராவுக்கு எதை அனுப்பறது?” என்றேன்.

“நூற்றைம்பதையே அனுப்புங்கோ” என்றாள். “ஆனா அமைதியானவர் எண்டதை வெட்டுங்கோ.”

வெட்டினேன். பிறகு கல்லில் ஏ.சி. தண்ணீரை விட்டு மை அரைக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது, பதினைந்தில் தோள் வலித்தது. எழுந்துவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

எதிரே கோசலா, ஆறிப்போன டீயில் தூரிகையைத் தொட்டுத் தொட்டு, தண்ணீர் வற்றிய கடல் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். நன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அரைப்பதை நிறுத்தவில்லை.