செல்வி டீச்சருக்காக நான் சொன்ன பதில்

முதல் அறிகுறியைப் பார்த்து நான் சிரித்தேன். என் மனைவி செல்வி பால் பாக்கெட்டைத் துணி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தாள். "இன்னா டீச்சர், பசங்க ரொம்பப் படுத்துறாங்களா?" என்று கேட்டேன். அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆரணியில் அந்த வாரம் யார் வீட்டில்தான் காய்ச்சல் இல்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தாள்.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மூளையழற்சி (கிருமி தாக்கி மூளை வீங்கிப்போவது) என்றார்கள். பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து கர்த்தரிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: உயிரோடு கொடுத்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டிவரும் என்று அப்போது தெரியாது.

உயிரோடு வந்தாள். நடந்தாள், ஊட்டினால் சாப்பிட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சிழப்பு (நாக்கு நன்றாக இருந்தும் மூளை சொல்லை எடுத்துத் தராத நிலை) என்று டாக்டர் விளக்கினார். எங்கள் மகள் பெனிட்டாவைக் காட்டி யார் என்று கேட்டால் முழிப்பாள். "தேறலாம், தேறாமலும் போகலாம். ரெண்டு வருஷம் வரைக்கும் எதையும் உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

செல்வி தேவிகாபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. விடுப்பு விண்ணப்பத்தில் தொடங்கி எல்லாவற்றுக்கும் அவள் கையெழுத்து வேண்டும். புருஷன் என்பதற்காக நான் போட்டால் செல்லாது. அதனால் சென்னைக்குப் போய், என்னை அவளுடைய சட்டப்படியான காப்பாளராக (முடிவெடுக்க முடியாத ஒருவருக்காக முடிவெடுப்பவர்) நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு கொடுத்தோம். அந்த மனுவில் ஒரு வரி இருந்தது: என் மனைவியின் நலனுக்கு முரணான நலன் எதுவும் எனக்கு இல்லை.

வக்கீலம்மா அந்த வரியில் நிறுத்தினார். "அவங்க அண்ணனையும் கூடச் சேத்துக்கலாமா? ரெண்டு பேரா இருந்தா நல்லதுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கட்டின புருஷனை விடவா மேடம்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அந்த வரி உண்மைதான்.

நான் வீட்டிலேயே பட்டு நெய்கிறவன். கூடத்தில் தறி, தறிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. ஏழாவது மாதம் ஒரு காலை, ஒன்பதரைக்குத் தெருமுனைப் பள்ளியில் மணி அடித்தது. "அகல்யா" என்றாள் செல்வி.

தறியில் ஊடுநூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினேன். அவள் எதற்கோ காத்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, தறிக்குழியில் இருந்தபடியே "உள்ளேன் டீச்சர்" என்றேன். "அபிநயா" என்றாள். மூன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள், வரிசை மாறாமல் பெயர் வந்தது. சங்கீதாவுக்கும் நான் உள்ளேன் என்றபோது என்னை முறைத்துப் பார்த்தாள். "பொய்" என்றாள். வாரத்தில் பாதி நாள் மட்டம் போடும் பெண் என்று அவளே முன்பு புலம்பியது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது. பெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அதன்பின் தினமும் ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் வருகைப் பதிவு நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அலுவலகத்தில் அந்த வழியைச் சொன்னார்கள். மருத்துவ இயலாமை ஓய்வு (இனி வேலை பார்க்க முடியாது என்று மருத்துவக் குழு சான்று கொடுத்து முன்கூட்டியே ஓய்வு தருவது) வாங்கினால், வாரிசுக்குக் கருணை அடிப்படையில் அரசு வேலை கேட்கலாம். ஆனால் அவள் வயது ஒரு வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டுவதற்குச் சில மாதங்களே இருந்தன. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் காப்பாளர்.

"அம்மா மறுபடி கிளாஸ் எடுப்பாங்கன்னு நெனைக்கிறியாப்பா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"தெரியலியேம்மா."

"தெரியாமலே உக்காந்துகினு இருந்தா அம்மா வேலையும் போயிடும், எனக்கு வர்றதும் போயிடும்பா."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். படித்து முடித்த கையோடு, ஒரு வேலைக்கும் போகாமல், அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றியவள் அவள். எனக்கும் அவள் கரையேற வேண்டும் என்றுதான் ஆசை. வக்கீலம்மாவிடமும் மச்சானிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் பொறுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

மருத்துவக் குழுவில் மூன்று டாக்டர்கள். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டார்கள். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனாவைக் காட்டினார்கள். "தண்ணி" என்றாள். நடுவில் இருந்தவர் என்னிடம் திரும்பினார். "வீட்ல கோர்வையா ஏதாச்சும் பேசுறாங்களா? பழைய வேலை ஞாபகம் ஏதாவது வருதா?"

நான் அகல்யா என்று ஒரு பெயர் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும், மீதி முப்பதையும் அவள் சொல்லியிருப்பாள்.

"இல்லீங்க டாக்டர். ஒண்ணு ரெண்டு வார்த்தைதான்."

அவர் எழுதிக்கொண்டார். செல்வி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

பெயர் கூப்பிடுவது பாடம் நடத்துவது ஆகாது, தெரிந்திருந்தாலும் குழு அதையேதான் முடிவு செய்திருக்கும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கலாம். ஆனால் அந்த முடிவு அவர்களுடையது. அவர்கள் கேட்டார்கள், நான் மறைத்தேன்.

என்னைப் போல் காப்பாளராகக் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முரணான நலன் இல்லை என்கிற அந்த வரியை வாசிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும், இத்தனை நாள் மலம் அள்ளியவனிடம் இப்படிக் கேட்கிறார்களே என்று. கோபம் தணிந்த பிறகு, உங்கள் முடிவால் எந்த லாபமும் இல்லாத ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பாசம் இருக்கிறவனுக்குத்தான் வீட்டில் இன்னொருவர் மேலும் பாசம் இருக்கும். நான் அதை யோசிக்கவில்லை.

ஓய்வு ஆணை வந்தது. பெனிட்டாவுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அம்மாவின் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு ஏழே முக்கால் பஸ் பிடிக்கிறாள். செல்விக்கு இப்போது பேச்சு கூடிக்கொண்டே வருகிறது. உப்பு இல்லை என்கிறாள், பெனிட்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கட்டின பெண்டாட்டி தேறி வருகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

கிழமை, தேதி எல்லாம் எனக்கு விட்டுப்போயிற்று. எனக்கு ஒரு நாள் என்பது ஒன்பதரைக்கு முன், ஒன்பதரைக்குப் பின், அவ்வளவுதான். மணி அடிக்கும் முன்பே என் கால் தறி மிதியில் தானாக நின்றுவிடுகிறது.

போன வாரம் கடைசிப் பெயரான விக்னேஷுக்கும் உள்ளேன் சொல்லிவிட்டு நாடாவை எடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"ஞானசெல்வி" என்றாள். பள்ளியின் ஆசிரியர் பதிவேட்டில் இருந்த அவளுடைய முழுப் பெயர்.

காத்திருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அவளுக்காகப் பதில் சொல்லத்தான் நீதிமன்றம் என்னை நியமித்திருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை.