ஹட் பே கல்யாணத்தில் பாடிய படகுப் பாட்டு

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் மர ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பாட்டுக் குழுவில் பாங்கோ தட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸுமாக அந்த நாளில் தீவையே அதிர வைத்த குழு. துர்கா பூஜையா, ஓணமா, பொங்கல் விழாவா, எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வீடு வேறு பாஷை பேசுகிற ஊர் இல்லையா, அதனால் எல்லாப் பாஷையிலும் பாடுவோம்.

பாடுகிறவர் என் நண்பர், ராமநாதபுரத்துக்காரர். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. பெல்பாட்டமும் தோளைத் தொடும் முடியுமாக அவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் எழுந்து நின்றுவிடும். தெரியாத பாஷைப் பாட்டையும் காதால் கேட்டே பிடித்துவிடுவார். அர்த்தம் மட்டும் தெரியாது. கிட்டார் வாசித்தவர் வங்காளி, அவர்கள் பாஷையில் அண்ணன் என்று 'தாதா' என்போம். டெலானிபூரில் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் ஒத்திகை. எந்தக் கூட்டத்துக்கு எந்தப் பாட்டு என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

அங்கேதான் வந்தது வினை. வங்காளத்தில் ஒரு படகுப் பாட்டு. பூஜைப் பந்தலில் நண்பர் பாடியபோது பெரிய பெயர் கிடைத்திருந்தது. பிறகு ஒரு வங்காளிக் கல்யாணத்தில் அதையே ஆரம்பிக்கப் போனார். தாதா கிட்டாரை நிறுத்திவிட்டு, "இதர் நஹீ", இங்கே வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் தலையை ஆட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் நண்பர் வெடித்தார். "கைதட்டு வாங்குறது நானு. இவரு தலையாட்டுனாத்தான் நான் பாடணுமா? இனிமே நான் தனியாவே பாடிக்கிறேன்!"

தாதா சிரித்துக்கொண்டே, "அகேலா சனா பாட் நஹீ ஃபோட்தா" என்றார். ஒற்றைக் கடலை வெடித்து வறுக்கிற அடுப்பு உடைந்துவிடாது என்று இந்திக்காரர்கள் சொல்வார்கள். தனி மரம் தோப்பாகாது என்கிறோமே, அதேதான்.

"கேட்டியா மாப்ள, என்னையக் கடலைங்கிறாரு!" என்றவர் அன்றோடு குழுவை விட்டுப் போனார்.

நோட்டீசில் அவர் பெயர் மட்டும் வந்தது. எனக்கோ ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தாளத்துக்கு ஆள் வேண்டுமே என்று அவரோடும் போனேன், குழுவிலும் வாசித்தேன். முதலில் தமிழ்க் கூட்டங்கள், நன்றாகவே போனது. அப்புறம் தெற்கே வேறொரு தீவில் இருக்கிற ஹட் பேயில் குடியேறியிருந்த ஒரு வங்காளிக் குடும்பம் பெண் கல்யாணத்துக்குக் கூப்பிட்டது. "இங்க பேர் வாங்கிட்டம்னா தீவு தீவா கூப்பிடுவாங்க மாப்ள. குழுவே வேணாம்" என்று கப்பலில் வழியெல்லாம் அதே பேச்சு. நான் குமட்டலை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

தென்னங்கீற்றுப் பந்தல், மதிய வெயில். இரண்டு இந்திப் பாட்டுக்கு விசில் பறந்தது. மூன்றாவதாகப் படகுப் பாட்டை எடுத்தார். நானும் துள்ளலாகத்தான் தட்டினேன். இரண்டு வரி தாண்டியதும் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

"பாத்தியா, சொக்கிப் போயிட்டாங்க" என்று என் பக்கம் குனிந்து கிசுகிசுத்துவிட்டு, அதே அடியை இன்னும் உருக்கமாகத் திருப்பிப் பாடினார். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மணப்பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். பெண்ணின் அப்பா எழுந்து வந்து நண்பரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பஸ் பேட்டா, பஸ். சலோ, பஹ்லே கானா கா லோ."

போதும், முதலில் சாப்பிடு என்கிறார். நண்பர் அதை உபசாரம் என்றுதான் நினைத்தார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கரையில் நின்று அண்ணனுக்காகக் காத்திருக்கிற தங்கை பாடுகிற பாட்டாம் அது. அண்ணன் போன படகு திரும்பி வரவே இல்லை. இந்த வீட்டு மூத்த பிள்ளை, கலவரத்துக்குப் பயந்து எல்லை தாண்டி எல்லோரும் ஊரை விட்டு ஓடிவந்தபோது ஆற்றோடு போனவன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவர் அவனைப் பெற்றவர்.

அந்த அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நண்பரின் இலையில் தன் கையாலேயே பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்தார். நண்பர் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கப்பல் வந்து சேர்ந்ததும் நேராக டெலானிபூர் போனோம். நடந்ததையெல்லாம் சொன்ன நண்பர், "அன்னிக்கே அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாமே தாதா?" என்று இந்தியில் கேட்டார்.

தாதா, "தும்னே பூச்சா கப்?" என்றார். நீ எப்போது கேட்டாய்?

அப்புறம் டீ போட்டுக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்துவிடு என்றார். நண்பர் சரியென்று தலையாட்டினார், ஆனால் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோது, "வாயத் தொறந்தாலே அந்தம்மா முகம்தான் மாப்ள வருது. கொஞ்சம் பொறு" என்றார். தாதா வாரா வாரம் விசாரிப்பார். நானும் வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நண்பருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. அதன்பின் அவர் எங்கேயும் மேடை ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

எல்லோரும் அவருடைய கர்வத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு எத்தனையோ நாள் தாதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து தாளம் போட்டவன் நான். 'தாதா, இது என்ன சொல்லுது?' என்று எனக்கும் ஒருநாள் கேட்கத் தோன்றாமல் போனதே என்கிற வருத்தம் இத்தனை வயதிலும் ஆறவில்லை.