ராக் ரோஸுக்கு ஊற்றிய கழுநீர்

வேலைத்தலத்தில் விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு, என் கணவர் ஐந்து மாதம் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் படுத்தே கிடந்தார். நான் விமானநிலையச் சமையலறையில் தட்டு அடுக்கிவிட்டு வந்து, உலையும் வைத்து, அவருடைய முகத்தையும் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை அவரை வலுக்கட்டாயமாகச் செடிக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ராக் ரோஸைக் கையில் எடுத்தார். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள் இரண்டைக் கலந்து உண்டாக்கிய இனமாம். கசங்கிய சேலைத் துணிபோல் ஊதாச் சிவப்பில் பூ, இதழடியில் கறுத்த பொட்டு. காலையில் சாமிப்படத்துக்கு வைத்தால் பின்னேரமே கொட்டிவிடும்.

பாபடோயிட்டோய் என்ற ஊரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கேற்றடியில் அதை நட்டார். அரிசி கழுவின தண்ணீரைச் சும்மா ஊற்றிவிட எங்களுக்கு மனம் வராது, செடிக்குத்தான் போகும். அந்தக் கழுநீரை ஊற்றுவதற்காகவே தினமும் எழும்பத் தொடங்கினார்.

அந்தக் கிழமையே காருக்குள், செடியோடு வந்த பராமரிப்புக் குறிப்பு அட்டை கிடைத்தது. காய்ந்த நிலம் வேண்டும், வேர் பிடித்தபின் தண்ணீர் தேவையில்லை, உரம் கூடவே கூடாது. எங்கள் மண்ணோ களி, மழையோ ஓயாது. அட்டையைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கழுநீர் வாளியை நானே கதவடியில் எடுத்து வைத்தேன்.

குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்துச் செடி செத்தது.

“நான் என்ன பிழை விட்டனான்?” என்று மூன்று நாளாகக் கேட்டார். மனம் கேட்காமல் அட்டையை நீட்டினேன்.

“இது எப்ப கிடைச்சது?”

“நட்ட கிழமையே.”

“பிறகேன் சொல்லேல்ல?”

“சொன்னா நீங்கள் திரும்பப் போய்ப் படுத்திடுவீங்கள் எண்டு பயந்தனான்.”

அட்டையை இன்னொரு தடவை வாசித்தார்.

“அப்ப நீர் எனக்குத்தான் தண்ணி ஊத்தியிருக்கிறீர்,” என்றார். பிறகு உள்ளே போய்ப் படுத்தார்.

மறுநாள் விடிய, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது குசினியில் சத்தம் கேட்டது. ஒரு கையால் முதுகைப் பிடித்தபடி அரிசி கழுவி, தண்ணீரைச் சிங்குக்குள் ஊற்றிக்கொண்டு நின்றார்.

“நீர் போம். இண்டைக்குச் சோறு நான் வைக்கிறன்.”

காருக்குள் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல், இருந்து அழுதேன்.