முதல் அடிக்கு வழிவிடு

அம்பாசமுத்திரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறாள் இசக்கிச்செல்வி. அம்மாவும் அப்பாவும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் நடன இசை செய்வது புரியாவிட்டாலும் தலையிடுவதில்லை. கடையில் எந்தப் போன் சரியானாலும் அதில் அவள் டிரம்ஸ்தான் முதலில் ஒலிக்கும். ஸ்பீக்கரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, இசையைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று.

போனில் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்று டிரம்ஸை லேப்டாப்பில் கம்ப்ரஸர் என்கிற ஒலிக்கருவியில் போட்டு நன்றாக இறுக்கியிருந்தாள். உரத்த அடி அடங்கும், மெல்லிய அடி மேலே வரும். கடையில் பிரமாதமாகத்தான் இருந்தது.

அந்தத் துணிச்சலில் தன் இசையைச் சுடலைராஜிடம் கொடுத்தாள். கூடப் படித்தவன், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை மேடையேறும்போது அதைப் போடுவதாகப் பேச்சு. அவள் இசை ஊர் கேட்க ஒலிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

மதியம் மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளில் போட்டுப் பார்த்தார்கள். பஞ்சு மூட்டையைக் குத்துவதுபோல் பொத் பொத்தென்று கேட்டது. நாற்காலி போடுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏட்டி, ஒன் டிரம்ஸுக்குக் காய்ச்சலா? படுத்தே கெடக்கு” என்றான் சுடலைராஜ். “நான் சினிமாப் பாட்டே போட்டுக்கிடுதேன்.”

“பொறுலே. மாப்பிள்ளை இன்னும் குளிச்சிருக்கவே மாட்டாரு.”

பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அடிக்கு உயிர் வந்தது. ஆனால் ஓர் அடி இடித்தது, இன்னோர் அடி காணாமல் போனது. அப்படியானால் இறுக்குவது தவறில்லை, இறுக்குகிற நேரம்தான் தவறு. அடி எழும்புவதற்குள்ளேயே கழுத்தைப் பிடித்துவிடுகிறது. போன் ஸ்பீக்கரில் அந்தக் கனம் எப்படியும் வராது. அதனால் கடையில் குறை தெரியவில்லை.

கம்ப்ரஸர் பிடிக்கத் தொடங்கும் நேரத்தை, அதாவது அட்டாக்கை, சற்றுத் தள்ளி வைத்தாள். முதலில் அடி முழுசாக விழட்டும், பிறகு பிடிக்கட்டும். அடுத்த அடிக்குள் பிடி தளரும்படி ரிலீஸைத் திருத்தினாள். இறுக்கத்தையும் பாதியாகக் குறைத்தாள்.

மறுபடி போட்டபோது அடி நெஞ்சில் வந்து மோதியது. வாழையிலைக் கட்டோடு பந்திக்குப் போனவர் நின்று தோளைக் குலுக்கினார். நாற்காலிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு ஆடவே தொடங்கினார்கள்.

“ஏ, நாற்காலிய யாரு போடுவா?” என்று கத்திய சுடலைராஜின் காலும் சும்மா இல்லை. “சரிட்டி, இதத்தான் போடுதேன். கைய எடு.”

“பாட்டுல வார கைதட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் காதக் குத்துது. ஒரே ஒருக்கா...”

“ஒன்ன விட்டா மாப்பிள்ளைக்குப் பேரன் பொறந்துருவான்” என்று பாட்டு ஏற்றிய பென்டிரைவை லேப்டாப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தான்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரவேற்புக்குச் சேலை மாற்ற வீட்டுக்குக் கிளம்பினாள்.