பூட்டிய கேட்டில் ஒரு கூட்டம்

எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக இரண்டு பேர். தையல் கடைக்காரன் நான் ஒருவன், டிரைவரம்மா இன்னொருவர். அவர் ஓட்டுவது ஊரின் முதல் பஸ். வீட்டில் வேறு ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை விடியும்போதே பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். கேட் திறக்கும்வரை குழந்தை படியில் உட்கார்ந்திருக்கும். ஒரு வகுப்பறையையாவது சீக்கிரம் திறக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விடவேண்டும். அதற்காகவே தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார்.

கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்ததும் ஹெட்மாஸ்டர் விதியை எடுத்துவிட்டார். "இது உங்க பொண்ணு விஷயம். முடிவு எடுக்குற வரைக்கும் நீங்க வெளிய இருங்கம்மா."

விதி விதிதான். சீருடை பற்றிப் பேசும்போது நானும் வெளியே போய் நிற்கிறவன்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறேன் சார். ஆனா பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க? நானே லீவு போட்டுட்டு வந்திருக்கேன். காலைல ஆறு மணிக்கு, நான் பிள்ளைய விட்டுட்டுப் போற நேரத்துல வெச்சுப் பாருங்க" என்று டிரைவரம்மா எழுந்து போனார்.

"ஒரே ஒரு குழந்தைக்காக வாத்தியார் விடியக்காலைல வரணுமா?" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள்.

"ஒண்ணுதான்னு யாரு சார் எண்ணிப் பாத்தது? ஆறு மணிக்கே வைங்க, தெரிஞ்சுடும்" என்று கத்திவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் வீம்புக்கு, "வெச்சா போச்சு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு டிரைவரம்மா தவிர எல்லோரும் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம். கேட்டில் பூட்டு. வாட்ச்மேனிடம் சொல்லிவைக்க ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. படியில் ஏற்கெனவே ஏழெட்டுக் குழந்தைகள். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் மகனை விட்டுவிட்டு, "கூட்டமா? சீக்கிரம் திறக்கறது எங்களுக்கும் வேணும்னு சொல்லிடுங்க சார், நேரமாச்சு" என்று ஓடினார்.

பஸ் வந்தது. டிரைவரம்மாவின் மகள் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம் வாங்கம்மா" என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"நான்தான் வெளிய இருக்கணுமே சார்!" என்று சிரித்தபடி அவர் கியரைப் போட்டார். பஸ் நிறைய ஆள்.

கால் வலித்ததோ என்னவோ, ஹெட்மாஸ்டர் படியில் உட்காரப் போனார்.

"அங்க வேணாம் சார், எறும்பு கடிக்கும். இங்க உக்காருங்க, வெயில் வர்ற வரைக்கும் நல்லாருக்கும்" என்று டிரைவரம்மாவின் மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "சீக்கிரம் திறக்க யாரெல்லாம் சம்மதம்?" என்று உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம்.