தமிழ் டிவிஷனுக்குப் பதினைந்து தலை

என் மகளை ஐந்தாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் யோசித்தேன். யோசித்தவன் நான் ஒருவன்தான். ஊரில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்போதோ முடிவு செய்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தார்கள். அது எனக்கு ஜூன் மாதத்தில்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் கேரள எல்லைக்கு உள்ளே, எலப்புள்ளிக்குக் கிழக்கே, கரும்புக்கும் நிலக்கடலைக்கும் நடுவே இருந்தது. அறுபத்திரண்டு வீடுகள். அறுபதில் தமிழ் பேசினோம். ஆனால் வில்லேஜ் ஆபீசில் மலையாளம், ரேஷன் கார்டில் மலையாளம், பஸ் பலகையிலும் மலையாளம். ஊரில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு நின்றது. என் மகள் அங்கே நான்கு வருஷமும் முதலாவதாக வந்தவள். ஒரு கதையை ஒரு முறை வாசித்தால் மறுநாள் வரி மாறாமல் சொல்வாள். இவளாவது எஸ்.எஸ்.எல்.சி. தாண்டட்டும் என்பதுதான் என் ஆசை. நான் அதோடு நின்று, கரும்பாலையில் வண்டிகளை எண்ணும் குமாஸ்தாவாகப் போனவன்.

மூன்று வழிகள் இருந்தன. சர்க்கார் பள்ளிக்கூடம் பக்கத்தில்தான், ஆனால் மலையாளம் மட்டும். எல்லை தாண்டி நடந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம். அங்கே படித்தால் இங்கே வேலைக்கு மனுப் போடும்போது வெளியூர்க்காரி ஆகிவிடுவாள். மூன்றாவது, கஞ்சிக்கோடு போகும் பாதையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஐந்து, ஆறு, ஏழு, மூன்றே வகுப்புகள். கேரளத்துச் சர்ட்டிபிகேட், அந்த வருஷம் முதல் ஐந்தாம் வகுப்பில் தமிழிலும் பாடம்.

மே மாதத்தில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வீடு வீடாகப் பிள்ளை கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கல்வி ஆபீசர் வந்து தலை எண்ணுவார். தலை குறைந்தால் டிவிஷன், அதாவது அந்த வகுப்புப் பிரிவு, போகும். டிவிஷன் போனால் வாத்தியார் வேலை போகும். அதனால் கோடை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு அவர்கள்தான் நம் வாசலுக்கு வர வேண்டும். வந்தவர்களில் ஒருவர் தலைமையாசிரியை, மலையாளி சிஸ்டர். இன்னொருவர் தமிழ் டீச்சர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது.

"பேடிக்கண்டா, கேட்டோ" என்றார் சிஸ்டர், பயப்பட வேண்டாம் என்று. "தமிழ் டிவிஷன் உண்டு. பதினஞ்சு குட்டிகள் வந்தா மதி."

பதினைந்து போதுமாம். எத்தனை சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். பக்கத்து ஊர்களில் ஏழு என்றார் தமிழ் டீச்சர். பிறகு என் மகளைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார். முடித்ததும், "ஏ பிள்ளே, நீ வாசிச்சதக் கேட்டா எனக்கே மறுபடி படிக்கணும் போல இருக்கு" என்றார். மகள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் அந்த ஒரு வாக்கியத்தையே நாகர்கோவில் ராகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

என் மனைவிக்கு வேறு கவலை.

"ஏனுங்க, பொட்டு வெக்க உடுவாங்களா?"

"விடுவாங்களாம். கேட்டுட்டேன்."

"காத்தால அவுங்க சாமியத்தான் கும்புடோணுமா?"

"இவ கண்ண மூடிட்டு நம்ம சாமிய நெனச்சுக்கட்டும். யாரு பாக்கறா?"

"பேசாம எல்லைக்கு அக்கட்டால சேத்துருங்க. என்ற அக்கா புள்ளைகளெல்லாம் அங்கதான படிக்குது?"

"அதுகளுக்கு அந்தப் பக்கம் ஊடு. இவளுக்கு இங்க."

"நீங்க எண்ணி எண்ணியே எல்லாத்தையும் கெடுக்கப் போறீங்க" என்றாள் அவள்.

ஆனாலும் நான் போய்ப் பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், ஒன்பது அறை. கக்கூஸ் இரண்டு, பெண்பிள்ளைகளுக்குத் தனி. கிணற்றுக்குக் கம்பி வலை. தமிழ் வகுப்பில் எட்டு பெஞ்சு, ஒன்றில்கூட ஆட்டம் இல்லை. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சாவது ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

பிறகு பால் சொசைட்டி வாசலில் ஒரு நாள் காலை, பால் ஊற்றிவிட்டு, அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளை அனுப்ப வேண்டிய அப்பன்மார் எல்லாரும் கூடினோம். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். ஏழும் ஒன்பதும் பதினாறு. ஒருத்தர் குறைந்தாலும் டிவிஷன் நிலைக்கும். அதிகம் பேசியது என் மனைவியின் அண்ணன், என் மச்சான். "நம்ம புள்ளைக நம்ம பாசையில படிக்காட்டி நாளைக்கு நம்ம ஊட்டுக்குள்ளயே நமக்கு வழி கேக்கோணும்!" என்று கையை ஓங்கிச் சொன்னார். ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டோம். அவருடைய மகன் லீவுக்கு எலப்புள்ளியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தான். இன்னும் நாலைந்து பையன்களும் லீவில் ஊரில் இல்லை. கோடையில் பிள்ளைகள் உறவுக்காரர் வீட்டுக்குப் போவது வழக்கம் என்பதால் நான் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. மகளைக் கொண்டுபோய்த் தமிழ் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு எண்ணினேன். எட்டு. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏழு, என் மகள் ஒன்று. மழையால் மற்றவர்கள் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பும்போது, அடுத்த அறை ஜன்னலில் மச்சான் மகனின் தலை தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும். கரும்பலகையில் மலையாள எழுத்து. என் மச்சான் மகன் அதைச் சத்தமாகவும் தடங்கல் இல்லாமலும் வாசித்துக்கொண்டிருந்தான். அத்தை வீட்டுக்குப் போன ரகசியம் அங்கே விளங்கியது. எலப்புள்ளியில் ஒரு மலையாள மாஸ்டர் இரண்டு மாதம் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என்னைத் தவிர எட்டு வீட்டுக்கும் இது தெரியும்.

மச்சானைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தேன்.

"மச்சான், தமிழ்னுதானுங்க பேசுனோம்?"

"பேசுனோம். ஆரு இல்லீன்னா? பையன் நாளைக்கு கேரளா கவுருமெண்டுல உத்தியோகம் பாக்கோணுமா வேண்டாமா மாப்ள? உனக்கென்ன, பொட்டப்புள்ள. எதுல படிச்சாலும் கட்டிக் குடுக்கத்தான போற."

"அப்பறம் என்னத்துக்குப் பால் சொசைட்டில அத்தன சத்தம் போட்டீங்க?"

"தமிழ் டிவிஷன் இருக்கோணும் மாப்ள. இப்பவும் அதேதான் சொல்றேன். இல்லாமப் போயிரக்கூடாது" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிவிஷன் இருக்க வேண்டும், அதில் மற்றவன் பிள்ளை உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் நாள் சிஸ்டரிடம் டி.சி. கேட்டேன். எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம். சிஸ்டர் கையைக் கூப்பிக்கொண்டு, ஆறாம் நாள் கழியட்டும், நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசுகிறேன் என்றார். போகவும் செய்தார். என் முன்னால் மூன்று வீடு ஏறி இறங்கினார். காபி கொடுத்தார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. தமிழ் டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் ஆபீசர் வந்தார், எண்ணினார், எட்டு என்று எழுதினார். நானும் வெளியே நின்று எண்ணினேன். எனக்கும் எட்டுதான். தமிழ் டிவிஷன் அன்றோடு விழுந்தது. அந்த வாரமே டீச்சர் தகரப் பெட்டியோடு நாகர்கோவிலுக்குப் போனார். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேரும் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

ஆபீசர் வந்த மறுநாள், டி.சி.யை மறுபடி கேட்பதற்கு முன்னால் எல்லை தாண்டிப் போய் விசாரித்தேன். "எடம் ரொம்பிப் போச்சுங்க. முந்தின வாரமே வந்திருக்கக் கூடாதா?" என்றார் அங்கிருந்த தலைமையாசிரியர். அடுத்த ஜூனில் வரச் சொன்னார். வீட்டில் சொன்னதும் மனைவி, "ஒரு வருசம் ஊட்டுல இருந்தான்னா அப்பறம் அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே போகமாட்டா. கடலக்காட்டுக்குக் களையெடுக்கக் கூப்புட்டுருவாங்க" என்றாள். அது உண்மை. ஊரில் அப்படி நின்ற பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை. மகள் மலையாள வகுப்புக்குப் போனாள். கடைசி பெஞ்சு.

ஓணப் பரீட்சை முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் மகளின் சமூகப் பாடத் தாள். கேள்விகள் மலையாளத்தில் இருந்தன. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு, பதில் அத்தனையையும் தமிழில் எழுதியிருந்தாள். ஐந்து பக்கம், ஒரு அடித்தல் இல்லை.

"இது நோக்கான் இவிடெ ஆரும் இல்லல்லோ" என்றார் சிஸ்டர். இதைப் பார்க்க இங்கே யாரும் இல்லை. ஜூன் வரைக்கும் ஒருவர் இருந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மகள் கதவோரம் நின்றாள். என் பிள்ளை என்பதற்காக ஒரு மார்க்கும் கூட்டவில்லை. நதிகளில் ஒன்றை விட்டிருந்தாள், ஒரு வருஷத்தை மாற்றி எழுதியிருந்தாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு என்றேன். சிஸ்டர் நம்பினார். நம்பினாலும் அப்பன் போட்ட மார்க்கை எழுத முடியாது என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கார்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "எத்தனைங்கப்பா?"

"நாப்பத்தாறு."

"கார்டுல போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பறம் எதுக்குத் திருத்துனீங்க?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் பரீட்சையை அவள் மலையாளத்தில் எழுதினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, தமிழில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. சமூகப் பாடத்தில் ஐம்பதுக்குப் பதினொன்று. மச்சான் மகனுக்கு முப்பத்தெட்டு என்று மச்சானே வந்து சொல்லிவிட்டுப் போனார். மகள் கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அங்கே நிற்காமல் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். இந்தப் பதினொன்றை எண்ணிப் பார்க்க எந்த ஆபீசரும் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போட்டேன்.